சூரியப் புடைப்புகள் எந்த அட்சரேகையில் தோன்றுகின்றன? நீண்டகால வரைபடத்தை நீங்களே தயாரிக்க ஒரு வழிகாட்டி

சூரியனின் விளிம்பில் எழுந்து நிற்கும் புடைப்புகள், அதாவது பிராமினென்ஸ்கள், எந்த அட்சரேகைகளில் தோன்றுகின்றன, சூரியச் செயல்பாடு கூடிக் குறையும் பதினோராண்டுச் சுழற்சியின் போக்கில் அந்த இடங்கள் எவ்வாறு நகர்கின்றன என்பதைத் தாமே அளந்து வரைந்து பார்க்க விரும்பும் புதியவர்களுக்காக இக்கட்டுரையை எழுதுகிறேன். ஆய்வுக் கட்டுரைகளில் முடிவான வரைபடம் அழகாக அச்சாகியிருக்கும். ஆனால் காப்பகத்திலிருந்து முதல் படத்தை இறக்குவதற்கும் அந்த வரைபடத்திற்கும் இடையே உள்ள வழியில் எதை எடுத்துக்கொள்வது, எதை ஒதுக்குவது என்று ஓரிடத்தில் எழுதிவைத்தவர்கள் மிகக் குறைவு. அந்த வழியைத் தட்டுத் தடுமாறிக் கடந்தவன் என்ற முறையில், உங்கள் நேரம் எங்கெல்லாம் வீணாகக்கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பைத்தான் மொழியோ ஒரு விரிதாள் செயலியோ ஓரளவு தெரிந்திருந்து, பள்ளியில் படித்த சைன், கொசைன் நினைவிலிருந்தால் போதும்.

புடைப்பு என்பது பல லட்சம் பாகை வெப்பமுள்ள கொரோனாவுக்குள் (சூரியனின் வெளி வளிமண்டலம்), ஏறத்தாழ 10,000 கெல்வினோ அதற்கும் குறைவாகவோ உள்ள அடர்த்தியான பிளாஸ்மாவைக் காந்தப்புலம் தாங்கி நிறுத்தியிருக்கும் அமைப்பு. விளிம்பில் அது ஒளிர்வாகத் தெரியும். அதுவே தட்டின் மீது, அதாவது நமக்குத் தெரியும் சூரிய வட்டத்தின் மீது, வரும்போது பின்னணியைவிட மங்கலான கரிய இழையாகத் தெரியும். எதிரெதிர்க் காந்தமுனைகள் சந்திக்கும் எல்லைக்கோட்டின் மேலேதான் இது நிலைகொள்கிறது. ஆகவே நீங்கள் புடைப்புகளின் அட்சரேகையைக் குறிக்கும்போது, உண்மையில் அந்த எல்லைக்கோடுகளின் இருப்பிடத்தையே குறிக்கிறீர்கள். சூரியப் புள்ளிகளே தோன்றாத உயர் அட்சரேகைகளிலும் இது கிடைக்கிறது என்பதுதான் இம்முயற்சியின் பயன். வரைபடத்தில் மிகவும் சுவையான பகுதி துருவப் பக்கம்தான். பிழைகள் அதிகம் குடியிருப்பதும் அங்கேதான். எனவே இவ்வழிகாட்டியின் பெரும்பகுதி துருவத்தைச் சரியாக அளப்பதைப் பற்றியதாகவே இருக்கும்.

1. விளிம்பா, தட்டா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரே பொருளை இரண்டு விதமாக எண்ணலாம். விளிம்பில் தெரியும் புடைப்புகளை எண்ணுவது ஒரு முறை. தட்டின் மேல் தெரியும் இழைகளைப் பதிவது மற்றொரு முறை. இரண்டையும் ஒரே வரைபடத்தில் கலக்காதீர்கள். விளிம்பு முறையில் அளவெடுப்பது எளிது. பின்னணி இருட்டாக இருப்பதால் புடைப்பு பளிச்சென்று பிரிந்து தெரியும். ஆனால் ஒரே புடைப்பு பல நாள்கள் தொடர்ந்து தெரிவதால் மிகையெண்ணிக்கை எளிதில் நுழைந்துவிடும். இழை முறையில் தீர்க்கரேகையும் கிடைக்கும், சூரியன் தன்னைச் சுற்றும் ஒரு சுற்றுக்கு ஒருமுறை மட்டும் எண்ணவும் முடியும். ஆனால் 70 பாகை அட்சரேகையில் உள்ள இழை, தட்டின் விளிம்பருகே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கித் தெரியும் என்பதால், மெல்லிய துருவ இழைகள் கண்ணுக்குத் தப்பிவிடும்.

புதியவருக்கு என் பரிந்துரை விளிம்பு முறை. கீழே வரும் படிகள் அதையே அடிப்படையாகக் கொண்டவை. இழை முறைக்கு மாறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

2. காலப்பகுதியையும் காப்பகத்தையும் தேர்ந்தெடுங்கள்

நூறாண்டுத் தரவு கையில் கிடைக்கிறது என்றவுடன் நூறாண்டையும் தொட வேண்டும் என்ற ஆசை எழும். அதை அடக்கிக்கொள்ளுங்கள். முதல் முயற்சிக்கு 2011 முதல் 2014 வரையிலான நான்கு ஆண்டுகளை எடுத்துக்கொள்வதே நல்லது. எண்ணிடப்பட்ட பதினோராண்டுச் சுழற்சிகளில் 24ஆம் சுழற்சி 2008 டிசம்பரில் தொடங்கி 2014 ஏப்ரலில் உச்சமடைந்தது. துருவங்களை நோக்கிய நகர்வும், துருவக் காந்தப்புலம் தலைகீழாவதும் இந்த நான்கு ஆண்டுகளுக்குள் வருகின்றன. தரவும் தடையின்றிக் கிடைக்கிறது. இதில் கை பழகியபின் 2019 டிசம்பர் வரை, அதாவது சுழற்சியின் முடிவு வரை, நீட்டிக்கலாம்.

இக்காலத்திற்கு இரண்டு மூலங்கள் உள்ளன. முதலாவது, கோங் என்ற தரைத் தொலைநோக்கி வலையமைப்பின் எச்-ஆல்பா (ஹைட்ரஜன் நிறமாலைக்கோடு) படங்கள். 6562.8 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில், 2010 முதல், உலகெங்கும் உள்ள ஆறு நிலையங்களிலிருந்து எடுக்கப்படுபவை. ஓரிடத்தில் மேகம் மூடினாலும் மற்றோரிடத்தின் படம் பெரும்பாலும் இருக்கும். இரண்டாவது, சூரியனை ஆராய 2010 பிப்ரவரியில் ஏவப்பட்ட எஸ்டிஓ விண்கலத்தின் ஏஐஏ என்ற படக்கருவி எடுக்கும் 304 ஆங்ஸ்ட்ராம் படங்கள். இதில் மேகத் தொல்லை இல்லை. புடைப்புகளும் பெரிதாக, தெளிவாகத் தெரியும். எனினும் இதற்கென்று தனியான சில பொறிகள் உண்டு. அவை ஏழாம் படியில் வருகின்றன.

பின்னோக்கிச் செல்ல விரும்பினால், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கீழுள்ள கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் கால்சியம் கே (கால்சியத்தின் ஒரு நிறமாலைக்கோடு) படங்கள் இருக்கின்றன. தட்டை மறைத்துவிட்டு விளிம்பை மட்டும் எடுத்த புடைப்பு ஒளிப்படத் தகடுகள் அங்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலிருந்தே சேர்ந்துள்ளன. இந்தத் துறையில் இவ்வளவு நீண்ட, ஒரே வகையான தொகுப்பு அரிது. பிரான்சின் மியூடன் ஆய்வகத்தில் 1908 முதல் படங்களும், 1919 முதல் இழைகளின் தொகுவரைபடங்களும் உள்ளன. மெக்கின்டாஷ் என்பவர் 1964 முதல் 2009 வரையிலான காலத்திற்குக் கையால் வரைந்த காந்த எல்லை வரைபடங்கள் இப்போது மின்வடிவில் கிடைக்கின்றன. இழை முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு அவை பெருங்கொடை.

ஒரு எச்சரிக்கை: அலைநீளம் மாறினால் புடைப்பின் உயரமும் பரப்பும் மாறும். கால்சியம் தரவின் முடிவில் 304 தரவை ஒட்டவைத்து ஒரே தொடராகக் காட்டினால், ஒட்டிய இடத்தில் தெரியும் மாற்றம் சூரியனுடையதாக இருக்காது. இரண்டையும் ஒரே காலத்தில் அளந்து ஒப்பிடும் மேற்பொருந்தல் ஆண்டுகள் இல்லாமல் ஒட்டாதீர்கள்.

3. படத்துடன் வரவேண்டிய ஆவணங்களைச் சேகரியுங்கள்

படத்தை மட்டும் இறக்கிவைத்துவிட்டு விவரங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் வேலை இரட்டிப்பாகும். ஒவ்வொரு படத்துக்கும் ஆறு விவரங்கள் தேவை: எடுத்த நாளும் நேரமும், அது உலகப் பொது நேரமா உள்ளூர் நேரமா என்ற குறிப்பு, சூரிய மையத்தின் படப்புள்ளி இடம், படப்புள்ளிக் கணக்கில் ஆரம், வடக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது, படம் இடவலமாகப் புரண்டிருக்கிறதா என்பது. வானியல் படங்களுக்கான ஃபிட்ஸ் வடிவக் கோப்பாக இருந்தால் இவற்றில் பெரும்பாலானவை அதன் தலைப்புப் பகுதியிலேயே இருக்கும். எனவே ஜேபெக் படம் சிறியதாக இருக்கிறதே என்று அதை இறக்காதீர்கள். அதில் தலைப்புப் பகுதி இருக்காது.

பழைய தகடுகளுக்கு இது இன்னும் முக்கியம். கொடைக்கானலில் ஒளியைத் தொலைநோக்கிக்குள் அனுப்புவது சிடரோஸ்டாட் எனப்படும் சுழல்கண்ணாடி. அந்த அமைப்பில் படம் நேரத்திற்கேற்பச் சுழன்றுகொண்டே போகும். ஆகவே நேரக்குறிப்பு சற்றுப் பிசகினாலும் வடக்குத் திசை பிசகும். வடக்குப் பிசகினால் அட்சரேகை முழுவதும் பிசகும். நேரக்குறிப்பில் ஐயமுள்ள தகடுகளை ஒரு தனிப்பட்டியலில் வைத்து, முதல் சுற்றில் விட்டுவிடுங்கள்.

இவற்றோடு நீங்களே பராமரிக்க வேண்டிய ஆவணம் ஒன்றும் உண்டு: நாள்பதிவேடு. படம் கிடைத்த நாள், கிடைக்காத நாள், கிடைத்தும் பயன்படாத நாள், விளிம்பின் ஒரு பகுதி மட்டும் தெளிவாக இருந்த நாள் என்று எல்லா நாள்களுக்கும் ஒரு வரி இருக்க வேண்டும். புடைப்பே இல்லாத நாளும், படமே இல்லாத நாளும் ஒன்றல்ல. இந்த வேறுபாடு பதிவேட்டில் இல்லையென்றால், மழைக்காலங்களில் சூரியன் அமைதியாகிவிடுவதாக உங்கள் வரைபடம் சொல்லும்.

4. செலவையும் நேரத்தையும் கணக்கிடுங்கள்

மேற்சொன்ன தரவுகளுக்குக் கட்டணம் இல்லை. சில காப்பகங்களில் மின்னஞ்சல் முகவரியைப் பதிவு செய்தால்தான் கோப்புகளை வேண்டிப் பெற முடியும்; ஏஐஏ படங்களை வழங்கும் ஜேசாக் தளம் அப்படிப்பட்டது. பதிவை முதல் நாளே முடித்துவிடுங்கள். ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒரே கோரிக்கையில் கேட்காமல், மாதம் மாதமாகப் பிரித்துக் கேட்டால் கோரிக்கை பாதியில் நின்றாலும் எது வந்தது, எது வரவில்லை என்று எளிதில் தெரியும்.

வட்டு இடத்தைப் பொறுத்தவரை, ஏஐஏ படம் ஒன்றில் 4096 × 4096 படப்புள்ளிகள் உள்ளன. அமுக்காத நிலையில் ஒன்று ஏறத்தாழ 33 மெகாபைட் பிடிக்கும். கோங் படம் 2048 × 2048. அதில் நான்கில் ஒரு பங்கு. இரண்டு நாளுக்கு ஒரு படம் என்று வைத்துக்கொண்டால் பதினோராண்டுக்கு ஏறத்தாழ 2,000 படங்கள்; ஏஐஏவுக்கு 67 ஜிகாபைட்டும் கோங்குக்கு 17 ஜிகாபைட்டும் ஆகும்.

உண்மையான செலவு உங்கள் நேரம். பழகிய கை ஒரு படத்தைத் திறந்து, புடைப்புகளைக் குறித்து, பதிவேட்டில் ஏற்ற நான்கு நிமிடம் ஆகும் என்று வைத்தால், 2,000 படங்களுக்கு 130 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நாள்தோறும் ஒரு படம் என்றால் இதன் இருமடங்கு. அதனால் கிடைக்கும் கூடுதல் பயனோ மிகச் சிறிது, ஏனெனில் பெரும்பாலான புடைப்புகள் ஒரு நாளுக்கு மேல் விளிம்பில் நிற்பவை. இரண்டு நாளுக்கு ஒன்று போதும்.

5. கோணங்களைத் திருத்துங்கள்

இந்தப் படியில் அவசரம் கூடாது. பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியனின் அச்சு இரண்டு விதமாகச் சாய்ந்து தெரிகிறது. அச்சு இடமாகவோ வலமாகவோ சாய்வதை அச்சுச் சாய்வுக் கோணம் என்றும், நம் பக்கமாகவோ எதிர்ப்பக்கமாகவோ சாய்வதைத் தட்டு மையத்தின் அட்சரேகை என்றும் சொல்லலாம். முதலாவது ஏப்ரல் முதல் வாரத்தில் −26.3 பாகை, அக்டோபர் இரண்டாம் வாரத்தில் +26.3 பாகை, ஜனவரி 5, ஜூலை 7 அளவில் சுழி. இரண்டாவது மார்ச் முதல் வாரத்தில் −7.25 பாகை, செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் +7.25 பாகை. இவற்றை வானியல் நாட்காட்டியிலிருந்து எடுக்கலாம். பைத்தானில் சன்பை நூலகம் நாளையும் நேரத்தையும் கொடுத்தால் தானே கணக்கிட்டுத் தரும்.

விளிம்பில் உள்ள ஒரு புடைப்பின் நிலைக்கோணத்தை வடக்கிலிருந்து கிழக்கு வழியாக அளந்தபின், அட்சரேகையை இப்படிக் காணலாம்: நிலைக்கோணத்திலிருந்து அச்சுச் சாய்வுக் கோணத்தைக் கழியுங்கள், வந்த கோணத்தின் கொசைனை, தட்டு மைய அட்சரேகையின் கொசைனால் பெருக்குங்கள், வருவது புடைப்பின் அட்சரேகையின் சைன்.

அச்சுச் சாய்வைத் திருத்த மறந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அக்டோபரில் வட அட்சரேகை 60 பாகையில் உள்ள புடைப்பு, ஒரு பக்க விளிம்பில் 34 பாகையாகவும், மறுபக்க விளிம்பில் துருவத்துக்கு மிக அருகிலும் பதிவாகும். ஏப்ரலில் இது அப்படியே பக்கம் மாறும். ஆண்டு முழுவதையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் பிழை மறைந்துபோய், அகன்று மங்கிய பட்டை மட்டும் மிஞ்சும். ஆகவே கிழக்கு விளிம்பையும் மேற்கு விளிம்பையும் தனித்தனி வரைபடங்களாக முதலில் வரைந்து பாருங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஆண்டுக்கொருமுறை ஒன்று மேலேயும் மற்றொன்று கீழேயும் அலைந்தால், குறியையோ, படத்தின் புரட்டலையோ, நேரத்தையோ திருத்த வேண்டியிருக்கிறது என்று பொருள். சில காப்பகங்கள் படத்தை ஏற்கெனவே சூரிய வடக்கு மேலாகத் திருப்பித் தருகின்றன. அப்படிப்பட்ட படத்தில் மீண்டும் ஒருமுறை திருப்பினாலும் இதே அலைவு தோன்றும். தலைப்புப் பகுதியைப் படித்தபின்பே கை வையுங்கள்.

தட்டு மைய அட்சரேகையின் விளைவு விளிம்பில் சிறியது, ஆனால் துருவத்தில் அல்ல. 7.25 பாகைச் சாய்வின்போது, திருத்தாமல் 60 பாகை என்று தெரியும் புடைப்பு உண்மையில் 59.2 பாகையில் இருக்கும். 80 பாகை என்று தெரிவது 77.7 பாகையில் இருக்கும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் விளிம்பின் உச்சிப்புள்ளியே 82.75 பாகைதான், அதற்கு மேற்பட்ட அட்சரேகை அன்றைய விளிம்பில் இல்லவே இல்லை. இழை முறையில் நிலைமை வேறு: தட்டின் நடுவில் இத்திருத்தத்தை விட்டால் முழு 7.25 பாகையும் பிழையாகும். மறுபுறம், இழைகளைப் பார்ப்போருக்கு ஒரு வசதியும் உண்டு: வட துருவ இழைகளைச் செப்டம்பரை ஒட்டிய மாதங்களிலும், தென் துருவ இழைகளை மார்ச்சை ஒட்டிய மாதங்களிலும் நன்றாகப் பார்க்கலாம்.

6. ஒரே புடைப்பை மீண்டும் மீண்டும் எண்ணாதீர்கள்

உயரமான புடைப்பு விளிம்புக்குப் பின்னால் இருக்கும்போதே அதன் தலை வெளியே தெரியும். சூரியனின் ஆரம் 6,96,000 கிலோமீட்டர். 50,000 கிலோமீட்டர் உயரமுள்ள புடைப்பு, நடுக்கோட்டருகே, விளிம்பிலிருந்து 21 பாகை பின்னால் இருக்கும்போதே எட்டிப்பார்க்கத் தொடங்கிவிடும். சூரியன் நம் பார்வையில் நாளொன்றுக்கு 13.2 பாகை சுழல்வதால், அது விளிம்பை அடைய ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். கடந்தபின்னும் அதன் தலை சிறிது காலம் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மொத்தம் மூன்று நாள். நாள்தோறும் எண்ணினால் ஒரு புடைப்பு மூன்றாகிவிடும்.

துருவத்தருகே இது கட்டுக்கடங்காமல் போகிறது. 70 பாகை அட்சரேகையில் உள்ள ஒரு புள்ளி, சூரியன் முழுச்சுற்றுச் சுற்றினாலும், விளிம்புத் தளத்திலிருந்து 20 பாகைக்கு மேல் பின்வாங்குவதில்லை. மேலே பார்த்த எல்லையோ 21 பாகை. அதாவது, தட்டு மையம் சுழி அட்சரேகையில் இருக்கும் நாள்களில், 70 பாகையில் உள்ள 50,000 கிலோமீட்டர் உயரப் புடைப்பின் தலை எந்நாளும் விளிம்புக்கு வெளியே சற்றே தெரிந்துகொண்டிருக்கும். நடுக்கோட்டுப் புடைப்பை மூன்று முறை எண்ணும் அதே முறை, இதைச் சூரியனின் ஒரு சுற்றுக்கு 27 முறை எண்ணும். துருவக் கிளை தடித்துத் தெரியும் வரைபடங்களைப் பார்க்கும்போதெல்லாம் இதை எப்படிக் கையாண்டார்கள் என்று நான் முதலில் தேடுவது இதனால்தான்.

அட்சரேகைப் பிழையும் இதோடு சேர்ந்து வருகிறது. விளிம்புக்கு 21 பாகை பின்னால் நிற்கும் புடைப்பு, படத்தில் 65 பாகையில் தெரிந்தால், அதன் உண்மையான அட்சரேகை ஏறத்தாழ 58 மட்டுமே. இந்தப் பிழை எப்போதும் துருவப் பக்கமாகவே தள்ளும். எனவே சராசரியில் கரைந்துபோகாது.

இதற்கு நான் கைக்கொள்ளும் விதிகள் மூன்று. அடிப்பகுதி விளிம்பைத் தொடாமல் தலை மட்டும் தெரியும் புடைப்பைப் பதியாதீர்கள். பெரும்பாலான அட்சரேகைப் பிழை இதிலேயே நீங்கிவிடும். 60 பாகைக்குக் கீழே, ஒரே விளிம்பில், 5 பாகைக்குள், அடுத்தடுத்த மூன்று நாள்களுக்குள் தோன்றுபவற்றை ஒன்றாகக் கொண்டு, அது மிக உயரமாகத் தெரிந்த நாளின் அளவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 60 பாகைக்கு மேலே எண்ணிக்கையையே விட்டுவிட்டு, அந்த அட்சரேகைக் கட்டத்தில் அன்று புடைப்பு இருந்ததா இல்லையா என்று மட்டும் குறியுங்கள். இரண்டு முறைகளும் எல்லையில் சரியாகப் பொருந்தாது. அதனால் வரைபடத்தில் 60 பாகையில் ஒரு மெல்லிய கோடிட்டுக் காட்டிவிடுங்கள்.

7. அளவெடுங்கள்

முதல் மாதத்துக்கான படங்களைக் கையாலேயே அளந்துவிடுங்கள். பிறகு தானியங்கி முறைக்குப் போனால், அது எங்கே தவறுகிறது என்று உங்கள் கண்ணுக்குத் தெரியும். வட்ட வடிவ விளிம்பை விரித்து நேரான பட்டையாக மாற்றிக்கொண்டால், கிடைமட்டத்தில் நிலைக்கோணமும் செங்குத்தில் உயரமும் வரும். அதில் புடைப்புகள் சுவரில் நிற்கும் செடிகளைப்போல் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் அடிப்பகுதியின் நடுவை, உச்சியை அல்ல, நிலைக்கோணமாகக் குறியுங்கள். வெடித்து எழும் புடைப்புகள் மேலே செல்லும்போது, குறிப்பாகச் சுழற்சியின் தாழ்வுக் காலத்தில், நடுக்கோட்டின் பக்கமாக வளைவதுண்டு. உச்சியை எடுத்தால் அவை பிறந்த இடம் தவறாகப் பதியும்.

ஏஐஏ 304 படங்களைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டிய பொறிகள்:

அ) இந்த அலைவரிசையின் உணர்திறன் ஆண்டுகள் செல்லச் செல்லக் கடுமையாகக் குறைந்துள்ளது. 2011இல் வைத்த ஒளிர்வு வரம்பை 2014இலும் அப்படியே வைத்தால், புடைப்புகள் குறைந்துவிட்டதாகத் தோன்றும். இதற்கான திருத்தத்தை ஏஐஏபை நூலகம் தருகிறது. இல்லையேல், நிலையான எண்ணை விடுத்து, அந்தந்தப் படத்தின் அமைதியான விளிம்புப் பின்னணியுடன் ஒப்பிட்டு வரம்பை அமையுங்கள்.

ஆ) விளிம்பையொட்டி ஸ்பிக்யூல் எனப்படும் சிறு கூர்முனைகளின் அடுக்கு 10,000 கிலோமீட்டர் வரை எழும். துருவக் கொரோனாத் துளைகளின் அடியில் இவை இன்னும் உயரமாக வளரும். தாழ்வுக் காலத்தில் துருவத்தில் புடைப்புகள் நிறைந்திருப்பதுபோல் தானியங்கி முறை காட்டுவதற்கு இதுவே வழக்கமான காரணம். விளிம்பிலிருந்து 20 விகலைக்குக் கீழுள்ளதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரு விகலை, அதாவது பாகையின் 3,600இல் ஒரு பங்கு, சூரியனில் ஏறத்தாழ 725 கிலோமீட்டர்.

இ) மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி, பூமி நாள்தோறும் சிறிது நேரம் விண்கலத்துக்குச் சூரியனை மறைக்கும். உலக நேரம் 7 மணியை ஒட்டி இது நிகழ்வதால், எல்லா நாள்களுக்கும் 18 மணிப் படத்தையே கேட்டுவிட்டால் தொல்லை இல்லை.

கோங் படங்களில் மெல்லிய மேகம் விளிம்புக்கு வெளியே ஒளியைச் சிதறடித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஐயமிருந்தால் அதே மணியில் வேறொரு நிலையத்தின் படத்தை எடுங்கள்.

8. கட்டங்களில் நிரப்புங்கள்

கிடைமட்டத்தில் ஒரு கேரிங்டன் சுழற்சிக்கு, அதாவது நம் பார்வையில் சூரியன் தன்னை ஒருமுறை சுற்றும் காலத்துக்கு, ஒரு நிரல். அதன் நீளம் 27.2753 நாள். பதினோராண்டுக்கு 147 நிரல்கள் வரும். நாட்காட்டி மாதத்தை எடுக்காதீர்கள். ஒரு சுழற்சிக்குள் எல்லாத் தீர்க்கரேகைகளும் ஒருமுறை விளிம்பைக் கடந்துவிடும், மாதத்தில் சிலவற்றுக்கு இருமுறை வாய்ப்புக் கிடைக்கும். செங்குத்தில் 5 பாகைக்கு ஒரு கட்டம் போதுமானது. ஆறாம் படியில் சொன்ன பிழைகளைக் கருதினால், 1 பாகைக் கட்டம் என்பது இல்லாத நுட்பத்தைக் காட்டுவதாகும்.

ஒவ்வொரு கட்டத்தின் மதிப்பையும் அந்தச் சுழற்சியில் கிடைத்த பயனுள்ள நாள்களால் வகுத்துவிடுங்கள். பாதி விளிம்பு மட்டும் தெளிவாக இருந்த நாளை அரை நாளாகக் கொள்ளுங்கள். கொடைக்கானலின் பழைய அறிக்கைகளிலும் இப்படிக் குறைத்துக் கணக்கிடும் வழக்கம் உண்டு. 27 நாள்களில் பயனுள்ள நாள் ஐந்துக்கும் குறைந்தால் அந்த நிரலைச் சாம்பல் நிறத்தில் வெறுமையாக விடுங்கள். மென்மையாக்கும் வடிகட்டியை வெற்றிடங்களின் மேல் ஓட்டினால், இல்லாத தொடர்ச்சி ஒன்று உருவாகிவிடும்.

விளிம்பு முறையில் 5 பாகைக் கட்டங்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே நீள விளிம்பைக் கொண்டவை. ஆகவே பரப்புத் திருத்தம் வேண்டாம். இழை முறையில் அட்சரேகையின் கொசைனால் வகுக்க வேண்டும், ஏனெனில் துருவத்தருகே 5 பாகைப் பட்டையின் பரப்பு மிகச் சிறியது.

9. வரைபடத்தைப் படியுங்கள்

சரியாக வந்திருந்தால் ஒவ்வொரு அரைக்கோளத்திலும் இரண்டு கிளைகள் தெரியும். கீழ்க்கிளை, சூரியப் புள்ளிகளின் பட்டாம்பூச்சி வரைபடத்தை (புள்ளிகள் தோன்றும் அட்சரேகையைக் காலத்தோடு காட்டுவது) பின்பற்றிச் சுழற்சி நெடுகிலும் நடுக்கோட்டை நோக்கி இறங்கும்; ஆனால் புள்ளிகளைவிடத் துருவப் பக்கமாகச் சற்று அகன்று பரவியிருக்கும். மேற்கிளை, துருவ மகுடம் எனப்படுவது. தாழ்வுக் காலத்தில் 50 பாகைக்கு மேற்பட்ட அட்சரேகைகளில் பெரிய அசைவின்றி நின்று, புதிய சுழற்சி வலுப்பெறும்போது துருவத்தை நோக்கி விரைந்து ஏறி, உச்சத்தையொட்டிய காலத்தில் மறைந்துவிடும். பழைய சுழற்சியின் துருவப் புலத்துக்கும், கீழிருந்து வரும் எதிர்முனைப் புலத்துக்கும் இடையிலுள்ள எல்லையே இந்த மகுடம் என்பதால், அது துருவத்தை எட்டி மறைவதும் துருவப் புலம் தலைகீழாவதும் ஒரே நிகழ்வின் இரண்டு முகங்கள்.

ஏறும் வேகத்தைக் கணக்கிட விரும்பினால், சூரியப் பரப்பில் ஒரு பாகை ஏறத்தாழ 12,150 கிலோமீட்டர். ஆண்டுக்கு 10 பாகை என்பது வினாடிக்கு 3.8 மீட்டருக்குச் சமம். வேகத்தைக் காண, மிக உயர்ந்த ஒற்றைப் புடைப்பைப் பிடித்துக் கோடு போடாதீர்கள். 50 பாகைக்கு மேற்பட்டவற்றின் பரப்பெடையிட்ட சராசரியைக் கோடாக இடுங்கள்.

வடக்கையும் தெற்கையும் ஒருபோதும் கூட்டாதீர்கள். 24ஆம் சுழற்சியில் வடக்கின் புள்ளிகள் 2011இன் இறுதியிலேயே உச்சமடைந்தன; தெற்கு 2014இல்தான் உச்சமடைந்தது. இரண்டையும் மடித்து ஒன்றாக்கினால், இரு வேறு காலங்களில் ஏறிய இரண்டு கிளைகள் ஒரே மங்கலான கிளையாகிவிடும். நீங்கள் தேர்ந்தெடுத்த நான்கு ஆண்டுகளில் கிடைக்கும் மிகச் சிறந்த செய்தியே இந்த வேறுபாடுதான்.

10. வெளித்தரவோடு ஒப்பிட்டபின் பகிருங்கள்

வில்காக்ஸ் சூரிய ஆய்வகம் 1976 முதல் துருவக் காந்தப்புலத்தைப் பத்து நாளுக்கொருமுறை பட்டியலிட்டு வருகிறது. பூமியின் பார்வைக்கோணம் மாறுவதால் அப்பட்டியலிலும் ஆண்டு அலைவு உண்டு; அதை வடிகட்டிய நிரலும் அதே பட்டியலில் தனியாகத் தரப்பட்டிருக்கிறது. அந்த நிரலை உங்கள் வரைபடத்தின் கீழே அதே கால அளவில் வரையுங்கள். மகுடம் மறையும் காலமும் புலம் சுழியைக் கடக்கும் காலமும் சில கேரிங்டன் சுழற்சிகளுக்குள் ஒத்து அமைய வேண்டும். ஓர் ஆண்டுக்கு மேல் விலகினால், புதிய கண்டுபிடிப்பு என்று கருதுமுன் ஐந்தாம், ஆறாம் படிகளுக்குத் திரும்புங்கள்.

பகிரும்போது, தரவு தந்த நிறுவனம் கேட்டிருக்கும் நன்றிக்குறிப்பின் வாசகத்தை மாற்றாமல் இடுங்கள். ஒவ்வொரு காப்பகத்துக்கும் தனி வாசகம் உண்டு, பெரும்பாலும் தரவுப் பயன்பாட்டு விதிகள் என்ற பக்கத்தில் இருக்கும். வரைபடத்துடன் நாள்பதிவேட்டையும், ஒவ்வொரு புடைப்பின் மூல நிலைக்கோணத்தையும், திருத்திய அட்சரேகையையும் தனித்தனி நிரல்களாகக் கொண்ட கோப்பையும் சேர்த்து வையுங்கள். மூல நிலைக்கோணம் இருந்தால், கோணத் திருத்தத்தில் பிழை பின்னால் தெரியவந்தாலும், 130 மணி நேர வேலையை மீண்டும் செய்யாமல் ஒரு வரிக் கணக்கில் எல்லாவற்றையும் திருத்திவிடலாம்.